கட்டாத வீட்டின் படம்

2006-இல் ஐகியா நிறுவனம் பெர்டில் என்ற மர நாற்காலியின் படம் ஒன்றை வெளியிட்டது. அது கேமராவில் எடுத்த படம் அல்ல. கணினியில் நாற்காலியை உருவாக்கி, கணினியிலேயே வெளிச்சம் போட்டு எடுத்தது. 2014 வாக்கில் அந்த நிறுவனம் வெளியிட்ட பொருள்களின் படங்களில் ஏறக்குறைய முக்கால்வாசி இப்படிப் பிறந்தவைதான். நடுவில் அவர்கள் செய்த ஒரு காரியம் என் கவனத்தை இழுக்கிறது. புகைப்படக்காரர்களை 3டி கற்க வைத்தார்கள். 3டி செய்கிறவர்களைப் புகைப்படம் கற்க வைத்தார்கள். படம் உயிரோடு வருவதற்கு மவுஸ் பிடிக்கத் தெரிந்தால் போதாது, வெளிச்சம் ஒரு பொருள்மீது எப்படி விழுகிறது என்று பார்த்துப் பழகிய கண் வேண்டும் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது.

நம் ஊரில் இந்தச் சங்கதி வேறு வாசல் வழியாக வந்தது. பத்து, பதினைந்து வருடங்களுக்கு முன்புவரை வீடு கட்டுகிறவர் கையில் இருந்தது ஒரு பிளான் தாள்தான். இன்று சின்ன ஊரிலும் இன்ஜினியர் அலுவலகத்தில் ‘3டி எலிவேஷன்’ என்ற முகப்புப் படம் கேட்கிறார்கள். உள்ளே மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், வார்ட்ரோப் எல்லாவற்றுக்கும் படம் பார்த்துத்தான் அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். சிலர் தாங்களே இலவச மென்பொருளை இறக்கி வரைந்தும் பார்க்கிறார்கள். பிறகு எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: மற்றவர்கள் போடும் படம் நிஜம் மாதிரி இருக்கிறது, நம்முடையது மட்டும் ஏன் பொம்மை வீடு மாதிரி வருகிறது?

எந்த மென்பொருள் என்று தேடுவதில்தான் பெரும்பாலோரின் நேரம் போகிறது. அதைச் சுருக்கமாகவே பார்த்துவிடலாம். வரைவதற்கு ஒரு கூட்டம், வெளிச்சம் கணக்கிடுவதற்கு ஒரு கூட்டம். முதல் கூட்டத்தில் ஸ்கெட்ச்அப் பிரபலம். 2000-இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் ஒரு சிறு நிறுவனம் வெளியிட்டது, 2006-இல் கூகுள் வாங்கியது, 2012-இல் டிரிம்பிள் கைக்குப் போனது. பிளானையும் 3டியையும் ஒரே திரையில் காட்டும் ஸ்வீட் ஹோம் 3டி இலவசம், புதியவருக்கு எளிது. பிளெண்டரும் இலவசம், 2002-இல் பொதுமக்களிடம் 1,00,000 யூரோ திரட்டி அதன் மூலநிரலை விடுவித்தார்கள். கற்பதற்குத்தான் பொறுமை வேண்டும். இரண்டாம் கூட்டத்தில் பல்கேரியாவின் சோஃபியாவிலிருந்து வந்த வி-ரே, பிராகிலிருந்து வந்த கொரோனா, பிளெண்டருக்கு உள்ளேயே இருக்கும் சைக்கிள்ஸ் ஆகியவை நிதானமாகக் கணக்குப் போடும் ரகம். லுமியன், ட்வின்மோஷன், என்ஸ்கேப், டி5 ஆகியவை கேமராவை நகர்த்த நகர்த்தப் படத்தை உடனே காட்டும் வேக ரகம். வேக ரகத்தில் எலிவேஷன் நன்றாகவே வரும். ஒரே ஜன்னல் உள்ள உள்ளறையில்தான் தடுமாறும். என் அபிப்பிராயம்: இவற்றில் எதை எடுத்தாலும் அளவு, வெயில், பரப்பு, கேமரா ஆகிய நான்கையும் உண்மையாகச் சொன்னால் படம் தேறும். இந்த நான்கில் பொய் சொன்னால் விலை உயர்ந்த மென்பொருள் அந்தப் பொய்யை இன்னும் பளபளப்பாகக் காட்டும், அவ்வளவுதான்.

உண்மை என்று இங்கே சொல்வதற்கு ஒரு பின்னணி உண்டு. 1980-இல் டர்னர் விட்டட் ஒளிக்கதிரைக் கண்ணிலிருந்து பின்னோக்கித் தொடரும் முறையைக் கட்டுரையாக எழுதினார். பிரதிபலிப்பும் கண்ணாடியும் அதில் அழகாக வந்தன. ஆனால் அறை அறையாகத் தெரிவதற்குக் காரணம் சுவரில் பட்டுத் தரைக்கும், தரையில் பட்டுக் கூரைக்கும் போகிற மெல்லிய வெளிச்சம். 1984-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இதற்கான கணக்கை வகுத்தார்கள். ஒரு சுவர் சிவப்பு, எதிர்ச்சுவர் இன்னொரு நிறம் என்று ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு, பக்கத்துச் சுவரின் சாயல் வெள்ளைப் பரப்பில் படிவதைக் காட்டினார்கள். நிஜமாகவே அப்படி ஒரு பெட்டி செய்து, கணினிப் படத்தை அதனோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள். 1986-இல் ஜேம்ஸ் கஜியா இவை எல்லாவற்றையும் ஒரே சமன்பாட்டில் அடக்கினார். இன்றைய நிதான ரகங்கள் எல்லாம் அந்தச் சமன்பாட்டின் வாரிசுகள். ஆக, வெளிச்சத்தைக் கணக்கிட்டு மாடலைப் படமாக்கும் ரெண்டர் என்பது ஓவியமாகப் பிறக்கவில்லை. ஒரு பெட்டிக்குள் வெளிச்சம் எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டிச் சொல்லும் கணக்காகப் பிறந்தது. வீடு கட்டுகிறவருக்கு அதைவிடப் பயன்படக்கூடியது வேறென்ன இருக்கிறது?

முதலில் அளவு. மென்பொருள் நிறுவியவுடன் அதில் இருக்கும் தொடக்க அளவுகள் நம் வீட்டுக்கானவை அல்ல. ஸ்வீட் ஹோம் 3டியில் மெட்ரிக் அளவில் புதிய சுவர் போட்டால் 7.5 சென்டிமீட்டர் தடிமனும் இரண்டரை மீட்டர் உயரமுமாக வந்து நிற்கும். நம் வெளிச்சுவர் 9 அங்குலம், அதாவது 23 சென்டிமீட்டர். கூரை உயரம் வழக்கமாக 10 அடி. சுவரின் நடுக்கோட்டை வைத்து வரையும்போது, இருபக்கமும் 9 அங்குலச் சுவர் உள்ள ஓர் அறையில் இந்த ஒரு தவறு மட்டும் 15 சென்டிமீட்டருக்கு மேல், ஏறக்குறைய அரை அடி, இல்லாத இடத்தைக் காட்டும். உள்பூச்சுக்கு இரு பக்கமும் அரை அரை அங்குலம் தனி. அரை அடிதானே என்று தோன்றும். 10 அடி அறையில் 2 அடி ஆழ வார்ட்ரோபையும் ஆறரை அடி நீளக் கட்டிலையும் எதிரெதிராகப் போட்டால் நடுவில் ஒன்றரை அடி மிஞ்சும். அதில் அரை அடி போனால் ஒரு அடி. ஒன்றரை அடி அகல வார்ட்ரோப் கதவு கட்டிலில் இடிக்கும். படத்தில் கதவு மூடியே இருப்பதால் யாருக்கும் தெரியாது.

மென்பொருளின் ஆயத்த மாடல் நூலகத்திலிருந்து இறக்கும் சாமான்களிலும் இதே வம்பு. அமெரிக்கச் சமையல் மேடை 36 அங்குல உயரம். நம் வீடுகளில் அதைவிட இரண்டு மூன்று அங்குலம் தாழ்த்தித்தான் போடுகிறார்கள். அவர்கள் கதவு 6 அடி 8 அங்குலம், நம்முடையது 7 அடி. தனித்தனியாகப் பார்த்தால் கண்ணுக்குத் தட்டாது. ஆனால் பத்தடிக் கூரைக்குக் கீழே எட்டடிக் கூரைக்கான சாமான்கள் நிற்கும்போது அறை ஏதோ சரியில்லை என்று கண் சொல்லும், காரணம் சொல்லத் தெரியாது. ‘பொம்மை வீடு மாதிரி இருக்கிறது’ என்ற புகாரில் பாதி இங்கேதான் பிறக்கிறது. நூலகத்திலிருந்து இறக்கிய சோபாவை நிறுத்துவதற்கு முன்னால், வாங்கப்போகிற சோபாவின் நீளத்தை டேப்பில் அளந்து திருத்துவது ஐந்து நிமிட வேலை.

அடுத்து வெயில். இதில்தான் எனக்கு ஆச்சரியம் அதிகம். இவ்வளவு முக்கியமான விஷயத்தை இவ்வளவு பேர் தொடாமலே விடுகிறார்கள். ஸ்கெட்ச்அப்பில் ஊரைக் குறிக்காவிட்டால், நெடுங்காலமாக அது எடுத்துக்கொண்டு வந்திருப்பது தான் பிறந்த போல்டர் நகரத்தைத்தான். அது வடக்கு 40 பாகை. மதுரை சுமார் 10 பாகை. டிசம்பர் 21 நண்பகலில் போல்டரில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 27 பாகை உயரத்தில் நிற்கும். மதுரையில் அதே நாளில் 57 பாகைக்குப் பக்கத்தில். இது வெறும் எண் அல்ல. தெற்குச் சுவரில் தரையிலிருந்து 3 அடியில் தொடங்கி 7 அடியில் முடியும் ஒரு ஜன்னல், அதன் தலைக்குமேல் 2 அடி சன்ஷேட், 9 அங்குலச் சுவர் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். போல்டர் வெயில் ஹாலின் தரையில் உட்சுவரிலிருந்து சுமார் 11 அடி தூரம்வரை எட்டும் தங்கப் பாய் விரிக்கும். மதுரை வெயில் ஜன்னல் திண்டைத் தொட்டு அங்கேயே நின்றுவிடும், தரைக்கு வராது. படத்தில் அந்தத் தங்கப் பாயைப் பார்த்து மயங்கித் தெற்கு ஜன்னலை அகலப்படுத்தியவருக்கு, குடிபோன பிறகு நண்பகலில் அந்த வெயில் ஒருநாளும் வராது.

வடக்குப் பக்கத்தில் கதை தலைகீழ். போல்டரில் நண்பகல் சூரியன் வருடம் முழுவதும் தெற்கேதான். நம் பக்கம் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை மதுரையில் உச்சிச் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். உச்சியில் சன்ஷேட் காப்பாற்றிவிடும். காலையிலும் மாலையிலும்தான் சிக்கல்: ஜூனில் சூரியன் கிழக்கிலிருந்து ஏறக்குறைய 24 பாகை வடக்கே தள்ளி உதிக்கிறது, அதே அளவு தள்ளி மறைகிறது. தாழ்ந்த அந்தக் கதிர் சன்ஷேடுக்கு அடியில் நுழைந்து வடக்கு ஜன்னல் வழியே சாய்வாக உள்ளே வரும். மே மாதச் சாயங்காலம் வடமேற்குப் படுக்கையறை ஏன் கொதிக்கிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது. ஊரையும் திசையையும் சரியாகக் கொடுத்து, மே மாத மாலை 5 மணிக்கு ஒரு படம், டிசம்பர் காலை 9 மணிக்கு ஒரு படம் எடுக்கச் சொன்னால் மென்பொருள் இதைச் சும்மாவே காட்டும். பிளானில் வடக்கு எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போட்டிருந்தும், மாடலைத் திருப்பாமல் அப்படியே விட்டுவிடுவது வழக்கமாக நடக்கிற இன்னொரு தவறு.

வானமும் ஒரு விளக்கு. வெயில் மட்டும் வைத்து வானத்தை விட்டுவிட்டால் நிழல் மை பூசியதுபோல் கறுக்கும். நல்ல ரெண்டர்களில் வான மாதிரி உண்டு. அதில் தூசு, ஈரப்பதத்துக்கான அளவை ஏற்றினால் நிழலின் அழுத்தம் குறைந்து, நம் கடற்கரை ஊர்களின் வெளிறிய வானம் வரும். எச்டிஆர்ஐ எனப்படும் முழுவட்ட வானப் படங்களை பாலிஹேவன் போன்ற இடங்களில் இலவசமாகவே எடுக்கலாம். ஆனால் அந்தப் படத்தில் சூரியன் எங்கே இருக்கிறதோ அங்கேதான் இருக்கும். வெயில் ஆராய்ச்சிக்கு அது உதவாது, அழகுக்கு உதவும்.

உள்ளே வந்தால் பரப்புகள். வெள்ளை என்றால் கலர் பெட்டியில் வெண்மையை நுனிவரை தள்ளிவிடுவது கை பழகிய பழக்கம். நல்ல வெள்ளை பெயின்ட்கூட தன்மேல் விழும் வெளிச்சத்தில் 80 முதல் 85 சதவீதம்தான் திருப்பி அனுப்புகிறது. இந்தச் சின்ன வித்தியாசத்தின் விலை பெரிது. மூடிய அறையின் எல்லாப் பரப்பும் ஒரே அளவில் திருப்பி அனுப்புவதாக வைத்துக்கொண்டால், 50 சதவீதத்தில் வெளிச்சம் துள்ளித் துள்ளி மொத்தம் 2 மடங்காகும். 80 சதவீதத்தில் 5 மடங்கு. 90 சதவீதத்தில் 10 மடங்கு. அதாவது 80-லிருந்து 90-க்குப் போனால் அறையின் வெளிச்சம் இரட்டிப்பு! 100 வைத்தால் வெளிச்சம் சாகவே சாகாது. மென்பொருளின் துள்ளல் எண்ணிக்கை தீரும் வரை ஓடிக்கொண்டிருக்கும். சுவர் ஓரங்களும் மூலைகளும் கரைந்து, எல்லாம் பால் ஊற்றியதுபோல் தட்டையாகிவிடும். வெள்ளையை 0.8-இல் நிறுத்துங்கள். மூலைகளில் நிழல் திரும்பி வரும், படம் சட்டென்று கனம் பெறும். இதுபோல் கருப்பையும் பூஜ்யத்தில் வைக்கக் கூடாது. கரிகூட நான்கு சதவீதம் திருப்பி அனுப்புகிறது. காவித் தரையும் தேக்குக் கதவும் வெளிச்சத்தைக் குடிக்கும் பரப்புகள். பழைய செட்டிநாட்டு வீட்டு உள்ளறைகளின் கும்மென்ற இருட்டை ரெண்டரில் கொண்டுவர நினைப்பவர் விளக்கைக் குறைக்க வேண்டியதில்லை, பரப்புகளை உள்ளபடி வைத்தால் போதும்.

பளபளப்பு பற்றியும் சொல்ல வேண்டும். 2012-இல் டிஸ்னியின் பிரென்ட் பர்லி வெளியிட்ட பரப்பு மாதிரிதான் இன்று பெரும்பாலான மென்பொருள்களில் வேறு வேறு பெயரில் இருக்கிறது: அடிநிறம், சொரசொரப்பு, உலோகமா இல்லையா. இந்த மூன்றில் சொரசொரப்பைத்தான் யாரும் தொடுவதில்லை. டைல்ஸ், பெயின்ட், மரம், தோல் எல்லாமே நேராகப் பார்க்கும்போது சுமார் 4 சதவீதம் பிரதிபலிக்கின்றன. சாய்ந்து பார்க்கப் பார்க்கக் கூடிக்கொண்டே போய், தரையோடு தரையாகப் பார்த்தால் கண்ணாடியாகிவிடுகின்றன. இதை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். நாம் செய்ய வேண்டியது சொரசொரப்பைப் பூஜ்யத்தில் விடாமல் இருப்பது. துடைத்த விட்ரிஃபைட் தரையில்கூட மாப் போட்ட கோடு, காலடி மங்கல் உண்டு; அந்த மங்கலைச் சொல்லும் ஒரு சாம்பல் படத்தைச் சொரசொரப்பில் இணைத்தால் தரை தரையாகும். அந்தச் சாம்பல் படத்தை நிறப்படமாக அல்லாமல் வெறும் எண்ணாக எடுத்துக்கொள்ளும்படி மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மதிப்புகள் எல்லாம் கோணலாகும்.

ஆசாரிகள் சிரிக்கிற இடம் ஒன்று உண்டு. கதவின் சட்டத்தில் நிமிர்ந்த கட்டையில் ரேகை மேலும் கீழும் ஓட வேண்டும், குறுக்குக் கட்டையில் இடவலமாக ஓட வேண்டும். கதவு முழுவதையும் ஒரே மரப்படத்தால் போர்த்தினால் குறுக்குக் கட்டையிலும் ரேகை நிமிர்ந்தே நிற்கும். மரவேலை தெரிந்த எவரும் அதைப் பிளைவுட்மேல் ஒட்டிய காகிதம் என்றுதான் சொல்வார். கட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்து ரேகையைத் திருப்பினால் தீர்ந்தது. அப்படியே விளிம்புகளையும் பாருங்கள். நிஜத்தில் கத்திபோல் கூரான மூலை கிடையாது. கிரானைட் மேடையின் ஓரம், கதவின் ஓரம், டேபிளின் ஓரம் எல்லாம் ஒன்றிரண்டு மில்லிமீட்டராவது மழுங்கியிருக்கும், அந்த மழுங்கலில் ஒரு மெல்லிய ஒளிக்கீற்று ஓடும். படம் நிஜமா கணினியா என்று கண் தீர்மானிப்பதில் அந்தக் கீற்றுக்குப் பெரும் பங்கு. வி-ரேயிலும் சைக்கிள்ஸிலும் மாடலைத் தொடாமலே ஓரத்தை மழுக்கிக் காட்டும் வசதி இருக்கிறது.

டைல்ஸின் அளவு, இடைவெளிக் கோடு, திரும்பத் திரும்ப வரும் வடிவம் மூன்றையும் சேர்த்துச் சொல்லலாம். 2-க்கு 2 டைல்ஸ் என்றால் படத்திலும் இரண்டடிக்கு ஒரு கோடு விழ வேண்டும். ஆத்தங்குடி டைல்ஸ் கண்ணாடித் தகட்டின்மேல் கையால் வார்ப்பது. ஒன்றைப்போல் இன்னொன்று இராது. ஒரே டைல்ஸ் படத்தை நூறு முறை ஒட்டினால் தரை துணிக்கடைக் கவர்போல் ஆகிவிடும். நாலைந்து டைல்ஸைப் படமெடுத்துக் கலந்து விரித்தால் அதன் கைவேலை தெரியும்.

இப்போது எல்லோரும் சறுக்கும் இடத்துக்கு வருகிறேன். அளவு, வெயில், பரப்பு மூன்றையும் சரியாக வைத்து ரெண்டர் போட்டால் பெரும்பாலும் அறை இருட்டாக வரும். உடனே கூரைக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத ஒரு விளக்கை வைக்கிறார்கள், போதாவிட்டால் இன்னொன்று. படம் பளிச்சென்றாகும். கூடவே நிழல்கள் திசை கெட்டு, ஜன்னலுக்கு வேலையில்லாமல் போகும். சரியான வைத்தியம், கேமரா உள்வாங்கும் வெளிச்சத்தின் அளவான எக்ஸ்போஷர். வெளியே உச்சி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு வெளிச்சம். உள்ளறையில் சில நூறு லக்ஸ். கண் இரண்டையும் சமாளித்துக்கொள்ளும், கேமராவால் முடியாது. அறைக்கு ஏற்ப எக்ஸ்போஷரைத் திறந்தால் ஜன்னலுக்கு வெளியே வெளுத்துப் போகும்; நிஜக் கேமராவிலும் அப்படித்தான். அந்த வெளுப்பை முரட்டுத்தனமாக வெட்டாமல் மெல்லக் கரைப்பதற்கென்றே பிளெண்டரில் 2017-இல் ஃபில்மிக், 2023-இல் ஏஜிஎக்ஸ் என்று நிறமாற்ற முறைகள் வந்தன. மற்ற மென்பொருள்களிலும் இதற்கு ஈடானது உண்டு. ஜன்னல் கண்ணாடியையும் ஒருமுறை பாருங்கள்: கண்ணாடி என்று பரப்பு கொடுத்தவுடன் சில ரெண்டர்களில் வெளிச்சமே அதன் வழியாக நுழையத் திணறும். கண்ணாடியைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு ஒரு சோதனைப் படம் போட்டால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

இத்தனையும் செய்தபிறகும் அறை இருட்டாகவே இருந்தால்? அப்போது படம் ஒரு சேதி சொல்கிறது: அறை இருட்டுதான். மூன்றடிச் சந்தைப் பார்த்த ஒற்றை ஜன்னல் உள்ள நடு அறைக்குப் பகல் வெளிச்சம் வராது. மறைவிளக்கு வைத்து அழகாக்கிய படத்தை நம்பிக் கட்டியவர் பட்டப்பகலில் டியூப்லைட் போட்டுக்கொண்டு உட்காருவார். விற்கும் படமும் வழிகாட்டும் படமும் பிரிகிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன். பரப்பும் விளிம்பும் ரேகையும் சரியாக இருந்தால் இரண்டு படமும் அழகாகும். மறைவிளக்கில் ஒன்று இன்னொன்றைக் காட்டிக்கொடுக்கிறது. வெளிச்சத்தை எண்ணாகவே அறிய விரும்புபவருக்கு அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிரெக் வார்டு எழுதிய ரேடியன்ஸ் என்ற பழைய, இலவச, முகம் காட்டாத மென்பொருள் இருக்கிறது. கட்டட ஆராய்ச்சிக்காரர்கள் பகல் வெளிச்சக் கணக்குக்கு இன்றும் அதன்மேல்தான் சாய்கிறார்கள்.

இரவுப் படத்தில் விளக்கின் எண் வேறு மாதிரி ஏமாற்றும். கடையில் வாங்கும் 9 வாட் எல்இடி பல்பு ஏறக்குறைய 900 லூமன் தரும். பிளெண்டரில் 9 என்று போட்டால் அது கடை வாட் அல்ல, ஒளியாக வெளிவரும் ஆற்றல். 800 லூமன் பல்புக்கு அங்கே 2 வாட் அளவே போதும். லூமனில் கேட்கும் மென்பொருளில் பெட்டியில் அச்சிட்டிருக்கும் லூமனையே கொடுங்கள். நிறம் நம் வீடுகளில் பெரும்பாலும் 6500 கெல்வின் வெள்ளை. படத்திலோ 3000 கெல்வின் மஞ்சள் வழிந்துகொண்டிருக்கும். ‘படத்துல இருந்த அந்த ஹோட்டல் மாதிரி லுக் வரலையே’ என்று வருந்துகிறவர் பல்பு பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் போதும்.

கேமராவுக்கு வருவோம். 10-க்கு 10 அறையை அகல லென்ஸில் பிடித்தால் கல்யாண மண்டபம் ஆகிவிடும். 24 மில்லிமீட்டர் லென்ஸ் இடவலமாக 74 பாகை பார்க்கும், 35 மில்லிமீட்டர் 54 பாகை. அகலம் கூடக் கூட ஓரத்தில் உள்ள சோபா நீண்டு, எதிர்ச்சுவர் தூரப் போகும். ரெண்டரில் நமக்கு ஒரு சலுகை: முதுகுப்பக்கச் சுவரை மறைத்துவிட்டு, அறைக்கு வெளியே நின்றுகொண்டு 35-இல் எடுக்கலாம். அறையின் நிஜ விகிதம் அதில் கிடைக்கும். நிமிர்ந்த கோடுகள் நிமிர்ந்தே நிற்க, கேமராவைச் சாய்க்காமல் லென்ஸ் ஷிஃப்டைப் பயன்படுத்த வேண்டும். உயரம் யாருடைய கண் என்பதைப் பொறுத்தது: ஹாலுக்கு நிற்பவரின் ஐந்தடி, சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும் கோணத்துக்கு நான்கடிக்குக் கொஞ்சம் கீழே, பூஜை அறைக்குத் தரையில் சம்மணமிட்டவரின் இரண்டரை அடி. பூஜை அலமாரியின் கீழ்த்தட்டு கண்ணுக்கு நேரே வருகிறதா என்பதை நின்ற உயரத்துப் படம் ஒருநாளும் சொல்லாது.

புள்ளி புள்ளியாக வரும் இரைச்சல் பற்றி அதிகம் பேச வேண்டாம். அதைப் பாதியாக்க நான்கு மடங்கு கணக்கு வேண்டும். அதனால்தான் கடைசிக் கொஞ்சம் போகவே போகாது. 2019 முதல் இன்டெலின் இலவச இரைச்சல் நீக்கி பிளெண்டரிலும் கிடைக்கிறது. அளவோடு பயன்படுத்தினால் வரம்; கணக்கு மிகக் குறைவாக இருக்கும்போது நம்பினால் மர ரேகையையும் திரைச்சீலை நெசவையும் சேர்த்தே துடைத்துவிடும்.

செயற்கை நுண்ணறிவு இந்தக் களத்தில் புகுந்தது சமீபத்தில். 2022-இல் ஸ்டேபிள் டிஃப்யூஷன் வெளிவந்தது. 2023 தொடக்கத்தில் கண்ட்ரோல்நெட் வந்தபிறகு, ஒரு கோட்டுப் படத்தையோ ஆழப் படத்தையோ கொடுத்து அதன்மேல் நிஜம் போன்ற தோலைப் போர்த்த முடிந்தது. ஸ்கெட்ச்அப்பே இப்படி ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. நொடியில் பத்து படம். எந்த நிறம் பிடிக்கும், மரம் வேண்டுமா கல் வேண்டுமா என்று குடும்பத்தில் பேச்சைத் தொடங்க இதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் இது வெயில் கணக்குப் போடுவதில்லை. கோடிக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய பழக்கத்தில் வெளிச்சத்தை ஊகிக்கிறது. ஜன்னல் நாலு அங்குலம் அகலும், கைப்பிடிச் சுவர் உருகிக் கண்ணாடியாகும், ஜன்னல் கிரில் மாயமாகும். மூலப் படத்தையும் வந்த படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பாதி ஒளிபுகும்படி செய்து பார்த்தால் எங்கெங்கே கை வைத்திருக்கிறது என்று தெரியும். அளவு முடிவு எதையும் இந்தப் படத்தை வைத்து எடுப்பது வேண்டாத வேலை.

கடைசியாக எலிவேஷன். இந்தப் படங்களில் எப்போதும் இல்லாதவற்றைப் பட்டியலிட்டாலே ஒரு தெரு வந்துவிடும்: கரண்ட் கம்பம், வயர், மீட்டர் பெட்டி, மாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, ஏசியின் வெளிப்பெட்டி, காயும் துணி. தமிழ்நாட்டில் 2003-இலிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அந்தக் குழாய்கூட முகப்புப் படத்தில் தலைகாட்டுவதில்லை. கட்டி முடித்தபிறகு பிளம்பர் தனக்கு வசதியான இடத்தில், பெரும்பாலும் முகப்பின் நட்டநடுவில், அதை இறக்குவார். கேமராவும் முப்பது நாற்பது அடி பின்னால் நிற்கும். இருபதடித் தெருவில் அந்த இடம் எதிர்வீட்டுக்காரரின் ஹால். தெருவின் அகலத்தைக் கொடுத்து, எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டி நிற்பவரின் கண் உயரத்தில் எடுத்தால், மாடியின் மேல்முனையில் லட்சம் ரூபாய் செலவில் போடும் அலங்காரம் பாதி தெரியாது. பணம் மிச்சம். குழாயும் ஏசியும் எங்கே வரும் என்பதையும் மாடலிலேயே வைத்துவிட்டால், அவற்றை மறைக்கும் தடுப்பையோ ஜாலியையோ படத்திலேயே தீர்மானிக்கலாம். மழைக்காலத்தில் வெள்ளைக் கைப்பிடிச் சுவரில் கறுப்புக் கோடு இறங்கும் என்பதால், மேல்முகட்டில் நீர் சொட்டும் பள்ளம் வைத்திருக்கிறதா என்று அந்த நெருக்கப் படத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் பிறகு அந்தப் படம் சைட்டில் மேஸ்திரியின் செல்போனுக்குப் போகிறது. அவர் விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “சார், இந்தப் பட்டி எத்தனை இன்ச் வெளிய வருது?” என்று கேட்பார். ரெண்டரில் அதற்குப் பதில் இல்லை. மாடல் சரியான அளவில் இருந்தால் அதே கோப்பிலிருந்து ஒரு வெட்டுமுகத்தை எடுத்து, பட்டியின் துருத்தல், தடிமன், லிண்டலிலிருந்து அதன் உயரம் மூன்றையும் எழுதி ஏ3 தாளில் அச்செடுத்து, சுவரில் ஒட்டிக் கொடுத்துவிடலாம். படத்துக்குக் காசு கொடுக்கும்போதே இந்தத் தாளையும், படம் எந்த ஊர் வெயிலில், எந்தத் தேதி, எந்த மணி, எத்தனை மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்தது என்ற குறிப்பையும் சேர்த்துக் கேட்பதில் தவறில்லை. கேட்டால் பெரும்பாலான இன்ஜினியர்கள் கொடுத்துவிடுவார்கள். அவர்களிடம் அந்த எண்கள் ஏற்கெனவே கோப்பில் இருக்கின்றன.